பிரதமரிடம் கேட்ட கேள்வி
(சிங்கப்பூர் மருத்துவத்தின் கதை – 14)

சென்ற இதழில் 1966இல் நின்றோம். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கண்டாங் கெர்பாவ் (கேகே) மருத்துவமனையில் அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்ததையும், கின்னஸ் புத்தகம் அதை உலக சாதனையாகப் பதிந்துகொண்டதையும் பார்த்தோம். அதே ஆண்டு மே மாதம், அவ்வளவு பேசப்படாத இன்னொரு வேலையும் தொடங்கியது. தேசியப் பதிவுச் சட்டத்தின்கீழ் மக்களுக்குப் புதிய அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். பிரசவ அறைக்கும் அந்த அட்டையில் இருந்த எண்ணுக்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்று கேகே மருத்துவமனையில் பிறக்கும் சிங்கப்பூர்க் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் வரும் எண்தான் அடையாள அட்டைக்கும் வருகிறது. தடுப்பூசி, பல்வலி, சர்க்கரை, மாரடைப்பு என்று வாழ்நாள் முழுக்கச் சேரும் மருத்துவக் குறிப்புகள் எல்லாம் அந்த ஒற்றை எண்ணின்கீழ்தான் அடுக்கப்படுகின்றன. மருத்துவப் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுபோக முயன்று திணறிய நாடுகள் பல. அவற்றுக்கு இல்லாத ஒரு வசதி சிங்கப்பூருக்கு இருந்தது. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அதை எல்லாரும் தயங்காமல் நீட்டும்படி ஏற்கெனவே பழக்கியிருந்தது.

இந்தக் கதையில் முதலில் வந்தது காசு. 1981இல் தேசியக் கணினி வாரியம் அமைந்து அரசாங்க அலுவலகங்களுக்குள் கணினி நுழைந்தது. 1984 ஏப்ரலில் மெடிசேவ் திட்டம் வந்தது. சம்பளத்திலிருந்து ஒரு பகுதி மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென்று தனியாகச் சேரும். மருத்துவமனைக் கட்டணம் வந்தால் அதிலிருந்து கழியும். அப்படிக் கழிக்க வேண்டுமானால் மருத்துவமனையின் கணக்கும் சேமநிதியின் கணக்கும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். எனவே நோயாளியின் கட்டணத்தை இணைக்கும் வழிகளுக்கு இருந்த அவசரம் அவருடைய நோய்க் குறிப்புகளுக்கு இருக்கவில்லை. அவை நெடுங்காலம் தாள் கோப்புகளிலேயே கிடந்தன. அந்த ஆண்டுகளை விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை. நேரே 2003க்குப் போய்விடலாம்.

அந்த ஆண்டு மார்ச்சில் சார்ஸ் வந்தது. சிராங்கூன் சாலைக்காரர்களுக்கு டான் டொக் செங் மருத்துவமனை அந்நியம் இல்லை. 1844இல் பெர்ல்ஸ் ஹில்லில் ஏழைச் சீனர்களுக்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனை 1861இல் சிராங்கூன் சாலைப் பக்கம் குடிவந்தது. 1909இல் மோல்மீன் சாலைக்கு மாறியது. 2003 மார்ச் 22 அன்று அது முழுக்க சார்ஸ் மருத்துவமனையாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு அங்கிருந்து வீடு திரும்பியிருந்த ஒரு நோயாளி, மார்ச் 24 அன்று வேறொரு கோளாறுக்காகச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் சேர்ந்தார். அவருக்கு ஏற்கெனவே நீரிழிவும் சிறுநீரகப் பிரச்சினையும் இருந்தன. அந்தப் பழைய நோய்களின் மறைவில் சார்ஸ் உடனே தெரியவில்லை. அவர் வழியாக அங்கே பலருக்குத் தொற்றியது. சிங்கப்பூரில் மொத்தம் 238 பேருக்கு நோய் கண்டது. 33 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மருத்துவர்களும் தாதியரும் இருந்தார்கள்.

அந்த நோயாளியின் பதிவு கணினியில் இருந்திருந்தால் அத்தனையும் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்லமாட்டேன். மருத்துவர்கள் கண்ணெதிரே இருந்தும் ஏமாற்றிய கிருமி அது. ஆனாலும் ஒருவர் இந்த மருத்துவமனையிலிருந்து அந்த மருத்துவமனைக்குப் போகும்போது அவருடைய வரலாறு கூடவே போவதில்லை என்பதை அந்த மார்ச் மாதம் எல்லாருக்கும் காட்டிவிட்டது. அப்போது பொதுத்துறை மருத்துவமனைகள் சிங்ஹெல்த், தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமம் என்று இரண்டு குழுமங்களாகப் பிரிந்திருந்தன. டான் டொக் செங் ஒன்றில், பொது மருத்துவமனை இன்னொன்றில். போட்டி போட்டால் தரம் உயரும் என்பது பிரித்ததற்குச் சொன்ன காரணம். போட்டியாளர்களுக்கு ஆளுக்கொரு கணினி முறையும் அமைந்துபோனது. 2004 ஏப்ரலில் இரு குழுமங்களும் நோயாளிப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு வழி திறக்கப்பட்டது. 2008இல் பொது மருத்துவமனைகளின் கணினிப் பணிகள் எல்லாம் சுகாதார அமைச்சின் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின்கீழ் ஐஹிஸ் என்ற ஒரே அமைப்பிடம் போயின. இன்று சினாப்ஸ் என்ற பெயரில் இருப்பது அதுதான். 2011இல் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு தொடங்கியது. ஒரு சிங்கப்பூரருக்கு ஒரே சுகாதாரப் பதிவு என்பது அதன் முழக்கம். இங்கிலாந்து 2002இல் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிய அதே மாதிரியான தேசியத் திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்ததும் இதே 2011இல்தான். லண்டனில் கைவிட்டதைச் சிங்கப்பூர் கையில் எடுத்தது என்று அன்று பெருமையோடு பேசியவர்கள் உண்டு. சின்ன நாடு, ஒரே எண், ஒரே முதலாளி என்ற மூன்றும் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் இணைந்தன. தனியார் மருந்தகங்கள் அசையவில்லை. சளி, காய்ச்சல் என்று சிங்கப்பூரர்கள் முதலில் போகும் இடம் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்திலோ கடைவீட்டு வரிசையிலோ இருக்கும் தனியார் மருத்துவரிடம்தான். முதல்நிலைச் சிகிச்சைக்குப் போகிறவர்களில் ஐந்தில் நான்கு பங்கு அப்படித்தான். அந்த மருத்துவருக்கு நோயாளியின் மாமியாரையும் தெரியும், மருந்து ஒவ்வாமையையும் தெரியும். எதற்காகத் தட்டச்சு செய்து அமைச்சின் கணினிக்கு அனுப்ப வேண்டும்? அந்தரங்கம் என்ன ஆவது? காப்பீட்டு நிறுவனமும் முதலாளியும் ஒருநாள் எட்டிப்பார்த்தால்? இந்தக் கேள்விகளை மருத்துவர் வட்டாரம் வெளிப்படையாகவே கேட்டது. 2017இல் தனியார் துறையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் மட்டுமே தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் சுகாதார அமைச்சர் கான் கிம் யோங், இனி இது கட்டாயமாகும், சட்டம் வரும் என்று அறிவித்தார். விருப்பமில்லாத நோயாளி விலகிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடும் இருந்தது. விலகினால் மற்ற மருத்துவர்கள் அவருடைய பதிவைத் திறக்க முடியாது. ஆனால் பதிவு சேர்வது மட்டும் நிற்காது; பிற்பாடு மனம் மாறித் திரும்பி வந்தால் விட்டுப்போன ஆண்டுகள் வெறுமையாக இருக்கக் கூடாதாம். இது நல்ல காரணம்தான். ஆனால் வேண்டாம் என்று சொன்ன பிறகும் தன் பதிவு சேர்ந்துகொண்டே இருப்பது எத்தனை நோயாளிகளுக்குப் புரிந்திருக்கும்?

அமைச்சர் நவம்பரில் பேசியபோது திருடர்கள் ஏற்கெனவே உள்ளே வந்து ஏறத்தாழ மூன்று மாதம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது; யாருக்கும் தெரியாது. 2017 ஆகஸ்டில் சிங்ஹெல்த் குழுமத்தின் ஒரு கணினிக்குள் அவர்கள் கால்வைத்தார்கள். ஏமாற்று மின்னஞ்சல் வழியே வந்திருக்கலாம் என்று பின்னர் விசாரணைக் குழு கருதியது. வந்தவர்கள் அவசரப்படவில்லை. மாதக்கணக்கில் பதுங்கியிருந்தார்கள். பிறகு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து பொது மருத்துவமனையின் சர்வர்களுக்கு என்று மெல்ல நகர்ந்தார்கள். அந்தப் பாதையில் ஒரு நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லேதான். 'ஏ' எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மின்னஞ்சல் முகவரியில் வரும் '@' குறி. 'ஓ' இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம். அவ்வளவுதான் மாற்றம். இன்னொரு சர்வரில் பாதுகாப்பு மேம்பாடுகள் ஓராண்டுக்கும் மேலாகப் போடப்படாமல் கிடந்தன. உலகத் தரமான மருத்துவமனை என்று பெயரெடுத்த இடம்.

2018 ஜூன் 11 வாக்கில் முதல் சத்தம் கேட்டது. நோயாளிகளின் தரவுத்தளத்துக்குள் தவறான கணக்குகளைக் கொண்டு யாரோ நுழைய முயல்கிறார்கள் என்று ஐஹிஸ் ஊழியர்கள் கவனித்தார்கள். கவனித்தவர்கள் கீழ்மட்டத்தில் இருந்தவர்கள். அவர்கள் குறித்துவைத்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மேலே போகவேண்டிய இடத்தில் செய்தி நின்றது. இப்படிப்பட்ட சம்பவங்களைக் கையாள்வதையே பொறுப்பாகக் கொண்ட ஒரு மேலாளர், உறுதியாகத் தெரியாமல் மேலே சொன்னால் எல்லாரும் தன்னைத்தான் விவரம் கேட்டுத் துரத்துவார்கள் என்று தயங்கினார். விசாரணையில் இது வெளிவந்தபோது நாடே அவரைத் திட்டியது. எனக்கென்னவோ, அலுவலகம் என்ற இடத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்தத் தயக்கம் புதிதல்ல என்றுதான் தோன்றியது. நிச்சயமில்லாத கெட்ட செய்தியை மேலிடத்துக்கு எடுத்துப்போகிறவனுக்கு எந்த ஊரில் பாராட்டுக் கிடைத்திருக்கிறது?

ஜூன் 27 அன்று அள்ளுவது தொடங்கியது. ஜூலை 4 அன்று ஐஹிஸ் ஊழியர் ஒருவர், வழக்கத்துக்கு மாறான தேடல் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. தானே அதை நிறுத்தி, மறுபடி வந்தால் தானாக நிற்கும்படி ஒரு சிறு நிரலும் எழுதிவைத்தார். திருட்டு அத்தோடு நின்றது. அதற்குள் 1.5 மில்லியன் பேரின் விவரங்கள் போயிருந்தன. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி. அவர்களில் 160,000 பேருக்கு எழுதிக்கொடுத்த மருந்துகளின் விவரமும் போனது. 2015 மே 1 முதல் அன்றுவரை சிங்ஹெல்த்தின் வெளிநோயாளி சிறப்பு மருந்தகங்களுக்கும் பலதுறை மருந்தகங்களுக்கும் போனவர்கள் அவர்கள். நாட்டின் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கேகே மருத்துவமனையும் சிங்ஹெல்த் குழுமம்தான். எனவே லிட்டில் இந்தியாவைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றவை அதிகம் இருந்திருக்க முடியாது.

இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10 அன்று. போலீஸ் புகார் 12 அன்று. மக்களிடம் சொன்னது ஜூலை 20, வெள்ளிக்கிழமை. சுகாதார அமைச்சர் கான் கிம் யோங்கும் தகவல் தொடர்பு அமைச்சர் எஸ். ஈஸ்வரனும் செய்தியாளர்கள் முன் வந்தார்கள். அன்றே தெரிந்த இன்னொரு செய்தி, திருடர்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணை மீண்டும் மீண்டும் தேடியிருந்தார்கள் என்பது. அது அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் அடையாள அட்டை எண்.

இந்த இதழின் தலைப்புக்கு இப்போது வருகிறேன். அன்று பிரதமர் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியதில் ஒரு தகவலைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிட்டார்கள். சிங்ஹெல்த் தன் பதிவுகளைக் கணினிமயமாக்கியபோது, உங்கள் பதிவையும் கணினியில் ஏற்றலாமா, பாதுகாப்புக் கருதித் தாளிலேயே வைத்திருக்கட்டுமா என்று அவரைக் கேட்டார்களாம். என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னாராம். அப்போதுதான் தம் மருத்துவர்கள் நேரத்தோடு நல்ல சிகிச்சை தர முடியும் என்பதும், மற்ற நோயாளிகளின் தகவல்களைக் காப்பதுபோலத் தம்முடையதையும் காப்பார்கள் என்ற நம்பிக்கையும் அவர் சொன்ன காரணங்கள். என்ன தேடினார்களோ தெரியவில்லை, தம் மருந்துப் பட்டியலில் பதறும்படி எதுவும் இல்லை என்றும் எழுதினார்.

பெருந்தன்மையான பதில்தான். குடிமகனுக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளாதது அவருடைய நல்ல குணம். ஆனால் வரலாறு எழுதுகிறவன் பதிலைவிடக் கேள்வியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கேட்டவர்கள் யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் இருக்கட்டும். தாளில் இருந்தால் பாதுகாப்பு, கணினியில் ஏற்றினால் அபாயம் கொஞ்சம் கூடும் என்று அந்த நிறுவனத்துக்குள்ளேயே யாருக்கோ அன்றே தோன்றியிருக்கிறது. தோன்றியதால்தான் கேட்டார்கள். பலதுறை மருந்தகத்தில் எண்ணுச் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் வந்து, பாட்டி, உங்கள் பதிவைக் கணினியில் போடட்டுமா, கோப்பிலேயே இருக்கட்டுமா என்று யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. லட்சக்கணக்கானவர்களிடம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தத் திட்டமும் நடக்காது என்பது உண்மை. ஆனால் கேட்காமலே வாங்கிய நம்பிக்கைக்குக் காவல் கூடுதலாக வேண்டும் அல்லவா? சிங்கப்பூர் மருத்துவத் துறையின் கணினிக் கதையில் குறை இதுதான் என்பது என் கணிப்பு. தொழில்நுட்பம் பின்தங்கவில்லை, பணத்துக்குப் பஞ்சமில்லை, மக்களும் முரண்டு பிடிக்கவில்லை. முரண்டு பிடிக்காத மக்கள் கிடைத்தது வசதியாகப் போய், அவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை நிர்வாகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டது.

அடுத்த சில நாள்கள் நெருக்கடியில் கழிந்தன. சிங்ஹெல்த் கணினிகள் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டன; மற்றக் குழுமங்களும் ஜூலை 23க்குள் அதையே செய்தன. மருந்தகங்களில் சில வேலைகள் தாமதப்பட்டன. அரசாங்க ஊழியர்களின் கணினிகளில் இணையத்தைப் பிரிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறைக்கு வந்திருந்தது. மருத்துவமனைகளில் மட்டும், வேலை கெடும் என்று தள்ளிவைத்திருந்தார்கள். உங்கள் விவரம் போனதா இல்லையா என்று நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அந்தக் குறுஞ்செய்தியைப் போலவே பொய்க் குறுஞ்செய்திகளும் கிளம்பின. தொலைபேசி எண்ணும் பண விவரங்களும்கூடப் போய்விட்டன என்று அவை பயமுறுத்தின. ஜூலை 24 அன்று சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி இவற்றை மட்டும் கேட்டு வாடிக்கையாளரை அடையாளம் காணாதீர்கள் என்றது அது. திருடுபோன தகவல் அத்தனையும் வங்கியில் தொலைபேசியை எடுப்பவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை. ஆகஸ்டு முடிவதற்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் விழித்துக்கொண்டது. கடைகளும் நிறுவனங்களும் தேவையில்லாமல் அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது என்ற வழிகாட்டி வெளிவந்து, மறு ஆண்டு செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டில்கூட அந்த எண்ணை எழுதிப் போட்டுப் பழகியவர்கள் நாம்.

ஓய்வுபெற்ற தலைமை மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் நால்வர் விசாரணைக் குழு அமைந்தது. 22 நாள் விசாரணை, 37 சாட்சிகள். 2019 ஜனவரி 10 அன்று வெளிவந்த 454 பக்க அறிக்கையைப் பொதுமக்கள் எல்லாரும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். அரசாங்க அறிக்கைகளில் அபூர்வமாக, யார் எந்த மணிக்கு எதைப் பார்த்தார், பார்த்துவிட்டு என்ன செய்யாமல் விட்டார் என்று துப்பறியும் கதைபோல அது எழுதப்பட்டிருக்கிறது. தாக்கியவர்கள் தேர்ந்தவர்கள்தான். ஆனாலும் ஊழியர்களுக்கு விழிப்பும் பயிற்சியும் இருந்து, சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவேண்டியவரிடம் சொல்லியிருந்தால் திருட்டைத் தடுத்திருக்கலாம் என்றது குழு. 16 பரிந்துரைகளை வைத்தது. எந்த நாட்டுக்காரர்கள் என்று அரசாங்கம் சொல்லவில்லை. தெரியும், தேச நலன் கருதிச் சொல்லமாட்டோம் என்றார் ஈஸ்வரன்.

ஐஹிஸில் இருவர் வேலை இழந்தார்கள். ஒருவர் பதவி இறக்கப்பட்டார். தலைமை நிர்வாகி உட்பட மூத்த நிர்வாகிகள் ஐவருக்குப் பண அபராதம். மூவருக்குப் பாராட்டுக் கடிதம். ஜனவரி 15 அன்று தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஐஹிஸுக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் போட்டது. இரண்டும் பொதுப்பணத்தில் நடக்கும் அமைப்புகள். அபராதம் போட்டதும் அரசாங்கத்தின் ஆணையம்தான். இந்த மில்லியன் வெள்ளி எந்தச் சட்டைப்பையிலிருந்து எந்தச் சட்டைப்பைக்குப் போனது என்று தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டே கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

தனியார் மருத்துவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஒத்திவைக்கப்பட்டது. முதலில் நம் பூட்டைச் சரிபார்க்கிறோம் என்று அமைச்சு சொல்லி, தேசியப் பதிவை வெளியாரைக் கொண்டு சோதிக்க ஏற்பாடு செய்தது. தகவல் கொடுக்கத் தயங்கிய தனியார் மருத்துவர்களின் பயத்துக்கு இப்படியொரு நியாயம் கிடைத்தது. 2017இல் அறிவித்த அந்தக் கட்டாயத்தைத் தாங்கிய சுகாதாரத் தகவல் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது 2025 நவம்பரில்தான். இடையில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளுக்குள் கொவிட் வந்து, அதுவரை செயலி என்றாலே தெரியாத பெரியவர்களையும் கைத்தொலைபேசியோடும் கழுத்தில் தொங்கிய கருவியோடும் கடைக்குப் போக வைத்தது. தங்குவிடுதிகளில் அடைபட்டிருந்த நம் ஊழியர்களின் உடல் வெப்பநிலையைத் தினமும் செயலிவழி கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு மூன்று இதழ்களாவது வேண்டும்.

அதற்கு முன் 2019 ஜனவரியிலேயே சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அபராதம் அறிவித்த இரண்டே வாரத்தில், ஜனவரி 28 அன்று சுகாதார அமைச்சு மறுபடி செய்தியாளர்களை அழைத்தது. எச்ஐவி உள்ள 14,200 பேரின் பெயர்களும் விவரங்களும் இணையத்தில் வெளியாகியிருந்தன. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டினர். இந்த முறை ஏமாற்று மின்னஞ்சலும் இல்லை, பலவீனமான பாஸ்வேர்டும் இல்லை. எச்ஐவி பதிவேட்டைத் திறக்கும் அதிகாரம் முறைப்படி கொடுக்கப்பட்டிருந்த ஒரு மருத்துவரிடம் அமைச்சின் விரல் நீண்டது.

(தொடரும்)